ரிவர்ஸ் விழாத வளைவில்

சேந்தமங்கலத்தில் வீடு. கொல்லிமலையில் இருந்து வாழைத்தாரும் மிளகும், சீசனில் பலாவும் ஏற்றி வந்து கீழே கொடுப்பது என் தொழில். வாரம் இரண்டு முறையாவது பிக்கப் வண்டியை மலைக்கு ஏற்றி இறக்குவேன். காரவள்ளி அடிவாரத்தில் இருந்து மேலே போக 70 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது எழுபது, இறங்கும்போது எழுபது. கிளட்சுக்கு அந்தப் பாதையில் ஓய்வே கிடையாது.

அன்றைக்கு வாழைத்தார் லோடோடு இறங்கிக்கொண்டிருந்தேன். ஒரு வளைவின் நடுவில் அரசுப் பேருந்து எதிரே வந்து மூக்கை நீட்டியது. மலைப்பாதையில் ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் வழி, இறங்குகிறவன்தான் ஒதுங்க வேண்டும். எனக்குப் பின்னால் இருபதடி தூரத்தில் ஒதுங்க இடம் இருந்தது. கிளட்சை மிதித்து ரிவர்ஸ் போட்டேன். கர்ர்ர் என்று ஒரு சத்தம், கியர் விழவில்லை. இன்னொரு முறை போட்டேன். கியர் தடி கையை உதறியது. பேருந்து ஓட்டுநர் ஹாரன்கூட அடிக்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அது ஹாரனைவிட மோசம்.

கடைசியில் ஹேண்ட் பிரேக்கை இழுத்து, இஞ்சினை அணைத்தேன். நின்ற இஞ்சினில் ரிவர்ஸ் வெண்ணெய் போல விழுந்தது. கிளட்சை முழுதாக அமுக்கிப் பிடித்துக்கொண்டு சாவியைத் திருப்பினேன். வண்டி ஒரு உதறு உதறிப் பின்னால் நெளிந்தது, ஆனால் இஞ்சின் ஓடியது. ஹேண்ட் பிரேக்கை விட்டு மெல்லப் பின்னால் ஏறி ஒதுங்கினேன். பேருந்து போன பிறகும் ஐந்து நிமிடம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

எங்கள் பக்கம் இதற்கு 'கிளட்ச் கட் ஆகல' என்று சொல்வோம். பெடலை அடிவரை மிதித்தாலும் இஞ்சினும் கியர் பாக்ஸும் முழுதாகப் பிரிவதில்லை. இரண்டுக்கும் நடுவே இருக்கும் கிளட்ச் பிளேட் லேசாக உரசிக்கொண்டே இருக்கும், கியர் பாக்ஸுக்குள் போகும் ஷாஃப்ட் நிற்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும். முன் கியர்களில் பித்தளை சிங்க்ரோ வளையம் இருப்பதால் அது அந்தச் சுற்றைக் கொஞ்சம் அடக்கிப் பல்லைச் சேர்த்துவிடும். அதனால் முன் கியர்கள் 'கொஞ்சம் இறுக்கமா இருக்கு' என்கிற அளவோடு போய்விடும். என் வண்டி உட்படப் பல வண்டிகளில் ரிவர்ஸுக்கு அந்த வளையம் கிடையாது. ஷாஃப்ட் நின்றால்தான் ரிவர்ஸ் விழும். கிளட்ச் கட் ஆகாததை முதலில் ரிவர்ஸ் காட்டிக்கொடுப்பது இதனால்தான்.

எனக்கு அது ஒரு மாதமாகவே சொல்லிக்கொண்டிருந்தது. காலையில் வீட்டு வாசலில் இருந்து வண்டியைப் பின்னால் எடுக்கும்போது ஒரு கர்ர். முதல் கியரில் சிக்னலில் நிற்கும்போது, கிளட்ச் அமுக்கியிருந்தும் வண்டி முன்னால் போகப் பார்க்கும். 'பழைய வண்டிதானே' என்று விட்டுவிட்டேன்.

சோதனை செய்ய ஒரு எளிய வழி உண்டு. அதையாவது அப்போதே செய்திருக்கலாம். வண்டி நியூட்ரலில் ஓடட்டும். கிளட்சை முழுதாக அமுக்கிப் பிடித்து, மனதுக்குள் பத்து எண்ணிவிட்டு, அப்புறம் ரிவர்ஸ் போட்டுப் பாருங்கள். பத்து எண்ணுவதற்குள் ஷாஃப்ட் தானாக நின்றிருக்க வேண்டும். அப்புறமும் கர்ர் என்றால் கிளட்ச் கட் ஆகவில்லை. இஞ்சினை அணைத்தால் எல்லா கியரும் லேசாக விழுகிறது, ஓடும்போது மட்டும் முரண்டு பிடிக்கிறது என்றால் கோளாறு பெரும்பாலும் கியர் பாக்ஸில் இல்லை, கிளட்சில்தான். அணைத்த பிறகும் கடினமாக இருந்தால் கியர் தடி, லிங்க், கியர் பாக்ஸ் பக்கம் பார்க்க வேண்டும். இந்த இரண்டு சோதனைக்கும் ஒரு ஸ்பேனர்கூட வேண்டாம்.

மூன்றாவது ஒன்றும் உண்டு. பெடலை இரண்டு மூன்று முறை வேகமாக அடித்துவிட்டுக் கியர் போடுவது. அடித்தால் சரியாகிறது என்றால் கிளட்சுக்குப் போகும் ஆயில் லைனில் காற்று இருக்கிறது, அல்லது பெடல் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரின் வாஷர் தேய்ந்திருக்கிறது. நான் அடித்துப் பார்த்திருந்தேன். எந்த மாற்றமும் இல்லை. அதுவே ஒரு துப்பு. அன்றைக்கு அதைத் துப்பாக எடுத்துக்கொள்ளத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் நானே மெக்கானிக் ஆனேன். கதை கெட்டது இங்கேதான்.

என் வண்டியில் ஹைட்ராலிக் கிளட்ச். பெடல் ஒரு ராடைத் தள்ளும், அது மாஸ்டர் சிலிண்டரைத் தள்ளும், அங்கிருந்து ஆயில் குழாய் வழியாகக் கீழே போய் ஸ்லேவ் சிலிண்டரைத் தள்ளும், ஸ்லேவின் ராடு ஃபோர்க்கைத் தள்ளும், ஃபோர்க் ரிலீஸ் பேரிங்கைத் தள்ளும். இஞ்சினோடு சுற்றும் ஃப்ளைவீலில் பிளேட்டை அழுத்திப் பிடித்திருக்கும் பிரஷர் பிளேட்டை அந்தப் பேரிங் பின்வாங்க வைக்கும். மாஸ்டரின் ஆயில் டப்பாவில் அளவு சரியாகவே இருந்தது. சரி, ராடு நீளம் பத்தவில்லை என்று நானே முடிவு செய்து, மாஸ்டருக்குப் போகும் ராடின் நட்டைத் தளர்த்தி, மரையில் இரண்டு மூன்று சுற்று நீட்டி வைத்தேன். மறுநாள் ரிவர்ஸ் அழகாக விழுந்தது. மனைவியிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டேன்.

அந்த ராடுக்கும் மாஸ்டரின் பிஸ்டனுக்கும் நடுவே கொஞ்சமாவது வெறும் இடம் இருக்க வேண்டும். பெடலை விட்டதும் பிஸ்டன் முழுதாகப் பின்னால் வந்தால்தான், டப்பாவுக்குப் போகும் சின்னத் துளை திறக்கும். நான் ராடை நீட்டியதில் அந்த இடம் போய்விட்டது. பிஸ்டன் முழுதாகத் திரும்பவில்லை, துளை மூடியே இருந்தது. லைனில் இருந்த ஆயில் சூடாகி விரிந்தபோது அதற்குப் போக இடமில்லை. கால் எடுத்த பிறகும் கிளட்சை யாரோ லேசாக அமுக்கிக்கொண்டிருந்த மாதிரிதான். நான்காவது நாள் மலை ஏறும்போது இஞ்சின் கத்துகிறது, வண்டி நகர மாட்டேன் என்கிறது. கேபினுக்குள் கருகிய வாசனை. கிளட்ச் எரிகிற வாசனையை ஒருமுறை முகர்ந்தவன் மறக்க மாட்டான்.

கட் ஆகாத கிளட்சை வழுக்குகிற கிளட்சாக மாற்றியது நான்தான். வேறு யாரையும் குறை சொல்ல முடியாது.

பட்டறைக்குக் கொண்டுபோனேன். கியர் பாக்ஸை இறக்கினார்கள். பிளேட் எரிந்து ரிவெட் தெரிந்தது, பிரஷர் பிளேட் நீலம் பாய்ந்திருந்தது. பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றும் புது செட். ஃப்ளைவீலை லேத்தில் கொடுத்து முகம் எடுத்தார்கள். ராடையும் பழையபடி வைத்தார்கள். கூலியோடு 11,500 ரூபாய். வண்டியை எடுத்தபோது பெடல் பஞ்சு மாதிரி லேசாக இருந்தது. ரிவர்ஸ் சத்தமே இல்லாமல் விழுந்தது. 'பிளேட்தான் கோளாறு, தீர்ந்தது' என்று நினைத்தேன்.

மூன்று வாரம். அவ்வளவுதான். திரும்பவும் கர்ர்.

பட்டறையில் சொன்னேன். "பிளேட் பெண்டு ஆயிருக்கும்ங்ணா, மறுபடி இறக்கித்தான் பாக்கணும்" என்றார்கள். அது பொய்யான காரணம் அல்ல. கியர் பாக்ஸை ஏற்றும்போது ஷாஃப்டைப் பிளேட்டுக்குள் நுழைத்துவிட்டு, போல்ட் போடும் முன் பாக்ஸின் முழு எடையையும் அந்தப் பிளேட்டின் மேல் தொங்கவிட்டால் பிளேட் வளைந்துவிடும். அப்படி வளைந்த பிளேட் ஒருபோதும் முழுதாக விலகாது. ஆனால் அந்தக் கோளாறு வண்டியை எடுத்த முதல் நாளே தெரிந்திருக்கும். மூன்று வாரம் நன்றாக ஓடிய பிறகு வராது. இது எனக்கு உறுத்தியது. இன்னொரு முறை கியர் பாக்ஸை இறக்க மனமும் வரவில்லை, பணமும் இல்லை.

நாமக்கல்லில் லாரி வேலை பார்த்து ஓய்ந்த பெரியவர் ஒருவர் எனக்குப் பழக்கம். போன் போட்டேன். நான் ஆரம்பத்தில் இருந்து எல்லாம் சொல்லி முடிக்கும் வரை பொறுமையாகக் கேட்டார்.

"தம்பி, ஸ்லேவ் ராடு எவ்வளவு வருதுன்னு அளந்தியா?"

"இல்லீங்ணா."

"அளக்காம எதுக்குப் பாக்ஸ இறக்குன? கீழ ராடு சரியா வருதுன்னா கோளாறு உள்ள. வரலைன்னா கோளாறு வெளிய. வெளிய இருக்கறதுக்கு உள்ள தொறந்து என்ன பண்றது?"

போனை வைத்துவிட்டார். கிளட்ச் பற்றி நான் கேட்ட பாடங்களிலேயே இதுதான் சின்னது, இதுதான் பெரியது. பதினோராயிரத்து ஐந்நூறு கட்டுவதற்கு முன்பு அவரைக் கூப்பிட்டிருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை காலை. சமதளத்தில் வண்டியை நிறுத்தி, இஞ்சினை அணைத்து, நான்கு சக்கரத்துக்கும் கல் வைத்தேன். பிக்கப் என்பதால் ஜாக்கி போடாமலே கீழே படுக்க இடம் இருந்தது. உங்கள் வண்டி தாழ்வாக இருந்தால், ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள். ஸ்டாண்டு வையுங்கள். எட்டாம் வகுப்புப் படிக்கும் மகனை ஓட்டுநர் இருக்கையில் உட்கார வைத்தேன். ஸ்லேவ் ராடின் மேல் வெள்ளை மார்க்கரால் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் அவனுடைய ஜியோமெட்ரி பாக்ஸ் ஸ்கேலைப் பிடித்தேன்.

"கண்ணு, மெதுவா அமுக்கு. அடி வரைக்கும். புடிச்சுக்க."

கோடு நகர்ந்தது. பத்து மில்லிமீட்டர். திரும்பத் திரும்ப அமுக்கச் சொன்னேன். ஒன்பதரை, பத்து. அதைத் தாண்டவில்லை.

சரியான அளவு எவ்வளவு என்று வண்டிக்கு வண்டி மாறும், மேனுவலில் இருக்கும். என் மாடலுக்கு 14 வர வேண்டும் என்று பெரியவர் சொன்னார். நான்கு மில்லிமீட்டர் என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். எனக்கும் தோன்றியது. பெடலில் கால் போகும் தூரம் முக்கால் சாண். மாஸ்டரில் அது மூன்று சென்டிமீட்டருக்குள் சுருங்கிவிடும். ஸ்லேவில் அதில் பாதி. அதற்குள் ஃபோர்க்கும் பிரஷர் பிளேட்டின் விரல்களும் நெம்பு நெம்பாகக் குறைத்து, கடைசியில் பிரஷர் பிளேட் பின்வாங்குவது ஒரு ரூபாய் நாணயத்தின் கனத்தைவிடக் கொஞ்சம் கூட. அவ்வளவுதான். அந்தக் கொஞ்சத்தில் பிளேட்டின் இரண்டு பக்கமும் இடைவெளி விழ வேண்டும். தூரத்தைக் கொடுத்து பலத்தை வாங்குகிற வேலை இது. கொடுக்கிற தூரத்தில் கால்வாசி வழியில் களவு போனால், கடைசியில் மிஞ்சுவது உரசல்தான்.

சரி, கோளாறு வெளியே. களவு எங்கே?

முதலில் காற்று. ஸ்லேவில் காற்று எடுப்பதற்காக இருக்கும் நிப்பிளில், உள்ளே இருப்பது தெரிகிற ஒரு பிளாஸ்டிக் குழாயை மாட்டி, மறுமுனையைக் கொஞ்சம் பிரேக் ஆயில் ஊற்றிய பாட்டிலுக்குள் விட்டேன். மகன் அமுக்கிப் பிடிக்க, நான் நிப்பிளைத் திறந்து, மூடி, "விடு" என்று சொல்ல, அவன் விட. இந்த வரிசை மாறக் கூடாது. நிப்பிள் திறந்திருக்கும்போது பெடலை விட்டால் காற்றைத் திரும்ப உறிஞ்சிவிடும். மேலே டப்பா காலியாகாமல் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டு சின்னக் குமிழி வந்தது, அப்புறம் வெறும் ஆயில், தேநீர் நிறத்தில். அந்த நிறமே அது மாற்ற வேண்டிய ஆயில் என்று சொல்லியது. பிரேக் ஆயில் காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சும். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றச் சொல்வது அதனால்தான். முழுதாகப் புது ஆயில் வரும் வரை எடுத்தேன். பெயின்ட் மேல் சிந்தினால் உரித்துவிடும், அங்கங்கே தண்ணீர் ஊற்றிக் கழுவினேன். டப்பா மூடியில் டாட் 3 என்று போட்டிருந்தால் அதையே வாங்குங்கள், டாட் 4 என்றால் அது. அவசரத்துக்கு இஞ்சின் ஆயிலோ ஸ்டியரிங் ஆயிலோ ஊற்றிவிட்டால் உள்ளே இருக்கும் ரப்பர் வாஷர்கள் ஊதிப்போகும், அப்புறம் மாஸ்டர் முதல் ஸ்லேவ் வரை எல்லாமே செலவு.

மறுபடி அளந்தேன். பத்து.

அடுத்து ரப்பர் ஹோஸ். பழைய ஹோஸ் அழுத்தத்தில் பாம்பு இரை விழுங்கிய மாதிரி உப்பும். கையால் பிடித்துக்கொண்டு அமுக்கச் சொன்னேன். உப்பவில்லை. ஸ்லேவின் ரப்பர் கவரை விலக்கிப் பார்த்தேன், உள்ளே ஈரம் இல்லை. பெடலுக்கு மேல் மாஸ்டர் ராடு வரும் இடத்தையும் விரலால் தடவினேன், அங்கேயும் கசிவு இல்லை. மாஸ்டர் உள்ளுக்குள்ளேயே கசியலாம், வெளியே ஒரு சொட்டும் வராது. அப்படி இருந்தால் அமுக்கிப் பிடித்திருக்கும்போதே ஸ்லேவ் ராடு மெல்ல மெல்லப் பின்வாங்கும். சிக்னலில் கிளட்சைப் பிடித்து நிற்கும்போது முதலில் சும்மா இருந்த வண்டி, அரை நிமிடம் கழித்து நகர ஆரம்பித்தால் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். மகனை ஒரு நிமிடம் பிடிக்கச் சொன்னேன். கால் நடுங்க ஆரம்பித்தது அவனுக்கு. கோடு அசையவில்லை.

"அப்பா, இன்னும் எவ்வளவு நேரம்? கால் வலிக்குது."

"கடைசி தடவை கண்ணு."

எழுந்து வெளியே வந்து சட்டையைத் தட்டிக்கொண்டு, பானெட்டைத் திறந்தேன். உண்மையில் டப்பா மூடியைப் போடத்தான் திறந்தேன். மகன் அந்த நேரம் பார்த்து, நான் சொல்லாமலே, சலிப்பில் பெடலை ஒரு மிதி மிதித்தான்.

மாஸ்டர் சிலிண்டர் தலையாட்டியது.

முதலில் கண் ஏமாற்றுகிறது என்று நினைத்தேன். "இன்னொரு தடவை அமுக்கு." மறுபடி தலையாட்டியது. சிலிண்டர் முழுவதும், டப்பாவோடு சேர்ந்து, ஏழெட்டு மில்லிமீட்டர் முன்னால் வந்து திரும்பிப் போனது. இரும்புத் தகட்டில் போல்ட் போட்டு இறுக்கிய ஒரு பொருள் அப்படி ஆடக் கூடாது. டார்ச் அடித்தேன். கேபினுக்கும் இஞ்சினுக்கும் நடுவே இருக்கும் தகட்டுச் சுவரில், மாஸ்டரின் கீழ் போல்டைச் சுற்றி ஒரு விரிசல். பிறை நிலா மாதிரி வளைந்து, ஓரங்களில் பழுப்புத் துருவோடு. பெடலை அமுக்கும்போது விரிசல் வாய் திறந்தது, விடும்போது மூடிக்கொண்டது.

நான் பெடலில் தள்ளியதில் ஒரு பங்கு ஆயிலைத் தள்ளவே இல்லை, சுவரைத் தள்ளியது. மாஸ்டரில் எட்டு மில்லிமீட்டர் போனால் ஸ்லேவில் நான்கு. பதினான்கில் நான்கு போனால் பத்து. கணக்கு அச்சாகப் பொருந்தியது. பெடலை எத்தனை முறை அடித்தும் மாற்றம் இல்லாததற்குக் காரணம் அதுவே. காற்றாக இருந்தால் அடிக்க அடிக்கத் தூரம் கூடும். சுவர் வளைவது முதல் அடியிலும் அதே அளவுதான், பத்தாவது அடியிலும் அதே அளவுதான்.

புது செட் போட்ட பிறகு மூன்று வாரம் நன்றாக ஓடிய மர்மமும் அப்போது விளங்கியது. பிளேட் தேயத் தேய பெடல் கனமாகும். டயஃப்ரம் பிரஷர் பிளேட்டின் குணம் அது. கனமான பெடல், வாரம் இரண்டு முறை நூற்று நாற்பது வளைவு, அதற்கு மேல் ஏற்றத்தில் பிரேக் பிடிக்காமல் அரைக் கிளட்சிலேயே வண்டியை நிறுத்தி வைக்கும் என் சோம்பேறிப் பழக்கம். எல்லாம் சேர்ந்து சுவரைக் கிழித்திருக்கிறது. புது செட்டில் பெடல் லேசானது, தள்ளும் பலம் குறைந்தது, சுவர் கொஞ்சமாக வளைந்தது. கோளாறு தீரவில்லை, ஒளிந்துகொண்டது. விரிசல் இன்னும் கொஞ்சம் ஓடியதும் வெளியே வந்தது.

வெல்டிங் பட்டறைக்காரர் விரிசலைப் பார்த்ததும் வெல்டிங் ராடை எடுக்கவில்லை, டிரில்லை எடுத்தார். விரிசலின் இரண்டு முனையிலும் சின்னதாக ஒவ்வொரு துளை போட்டார். "இல்லைன்னா பக்கத்துல ஓடிக்கிட்டே இருக்கும்ங்க" என்றார். விரிசலின் கூர் முனையில்தான் பலம் குவியும், வட்டத் துளை அதைப் பரப்பிவிடும் என்பது அதன் கணக்கு. அவருக்கு அந்த விளக்கம் தேவைப்படவில்லை. பாட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றினோம், மாஸ்டரைக் கழற்றி ஓரமாக வைத்தோம், உள்ளே கால் மிதியையும் அதற்கு அடியில் இருந்த பஞ்சையும் எடுத்தோம். வயரிங் கட்டு பக்கத்திலேயே போனது, அதை ஈரச் சாக்கால் மூடி, ஒரு வாளித் தண்ணீரோடு நான் காவல். விரிசலை வெல்டு வைத்து அரைத்து, அதன் மேல் மூன்று மில்லிமீட்டர் தகடு ஒன்றை உள்பக்கம் ஒட்டினார். போல்ட் இப்போது வெறும் சுவரைப் பிடிக்கவில்லை, அந்தத் தகட்டைப் பிடிக்கிறது. ஆறிய பிறகு பிரைமர் அடித்தோம்.

மாஸ்டரைத் திரும்ப மாட்டும்போது இன்னொன்றும் கண்ணில் பட்டது. பெடலையும் ராடையும் சேர்க்கும் பின், நடுவில் தேய்ந்து இடுப்பு விழுந்திருந்தது. அது போகிற ஓட்டையும் முட்டை வடிவம். பெடல் ஓட்டையில் ஒரு புஷ் அடித்து, புதுப் பின் போட்டோம். சில்லறைக் காசு வேலை. எல்லாம் சேர்த்து 900 ரூபாய் ஆனது.

வீட்டில் மறுபடி மகன் பெடலில், நான் கீழே. 14. இருபது முறை அமுக்கச் சொன்னேன், பதினான்கு. அன்று மாலையே காலி வண்டியை எடுத்துக்கொண்டு பத்து வளைவு ஏறி, ஒவ்வொன்றிலும் தேவையே இல்லாமல் ரிவர்ஸ் போட்டுப் பார்த்தேன்.

இதை நண்பர்களிடம் சொன்ன பிறகு, பக்கத்தில் யாருக்குக் கிளட்ச் கட் ஆகாவிட்டாலும் என்னைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். நான் மெக்கானிக் இல்லை, ஸ்கேல் வைத்திருப்பவன் என்று சொல்லிப் பார்த்தேன், பலனில்லை. எல்லாருக்கும் சுவர் விரிசல் விட்டிருக்காது. ஆனால் எங்கே போனாலும் முதல் வேலை அதே அளவுதான்.

மச்சானின் கார் 2020 ஊரடங்கில் மாதக்கணக்கில் ஷெட்டில் நின்றது. நடுவில் மழை. எடுக்கும்போது எந்தக் கியரும் விழவில்லை. ஸ்லேவ் ராடு சரியாக வந்தது, ஆக கோளாறு உள்ளே. ஈரத்தில் பிளேட் ஃப்ளைவீலோடு துருவில் ஒட்டிக்கொண்டிருந்தது. இதற்கு உடனே பாக்ஸை இறக்க வேண்டியதில்லை. இஞ்சினை நன்றாகச் சூடேற்றி அணைத்தோம். முன்னால் யாரும் எதுவும் இல்லாத வயல் வெளிக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு போய், கியரில் போட்டு, கிளட்சை அமுக்கியபடியே ஸ்டார்ட் செய்தார் மச்சான். வண்டி தவளை மாதிரி குதித்து ஓடியது. கிளட்சை அமுக்கிப் பிடித்துக்கொண்டே ஆக்சிலரேட்டரைக் கொடுத்து விட்டு, கொடுத்து விட்டுப் போக, மூன்றாவது முறை 'டப்' என்று விட்டது. தெருவில் இதைச் செய்யாதீர்கள். விடாவிட்டால் வண்டியை நிறுத்த ஒரே வழி பிரேக்கும் சாவியும்தான்.

சித்தப்பாவின் லோடு ஆட்டோ ஒயர் கிளட்ச். ஒயர் வண்டியில் ஸ்லேவே இல்லை, அதனால் ஒயரின் கீழ் முனை எவ்வளவு இழுபடுகிறது என்று பார்க்க வேண்டும். ஒயரின் இழைகள் ஒவ்வொன்றாக அறுந்து மிச்சம் நீண்டிருக்கும், அல்லது வெளிக்கவர் எங்காவது மடிந்து சுருங்கும். அவருக்கு இழைகள்தான். நட்டில் டைட் வைத்து ஓட்டிக்கொண்டே இருந்தார். அறுந்து நடுரோட்டில் நிற்பதற்கு முன் மாற்றிவிட்டோம். ஒயர் கிளட்சில் இருக்க வேண்டிய சின்னத் தளர்வை, அதாவது பிளேயை, அறவே இல்லாமல் டைட் வைத்தாலும் நான் செய்த அதே தவறுதான்: கட் ஆகும், ஆனால் வழுக்கும்.

ராடு சரியாக வந்தும், ஈரத்தில் நின்ற வண்டியாக இல்லாமலும் இருந்தால் பாக்ஸை இறக்கத்தான் வேண்டும். இறக்கும்போது கூடவே நில்லுங்கள். பட்டறையில் நிற்க நேரமில்லை என்று முதல் தடவை நான் போய்விட்டேன். நின்றால் பார்க்க வேண்டியவை சில. ஃபோர்க் ஆடும் குமிழும் ஃபோர்க்கின் குழியும் தேய்ந்திருந்தாலோ, ஃபோர்க்கில் மயிரிழை விரிசல் இருந்தாலோ அதுவும் தூரத்தைத் திருடும், என் சுவர் திருடிய மாதிரியே. ஃப்ளைவீல் நடுவே இருக்கும் பைலட் பேரிங்கை விரலால் சுற்றிப் பாருங்கள். அது இறுகிப் போனால் பிளேட் முழுதாகப் பிரிந்த பிறகும் ஷாஃப்டைச் சுற்றிவிடும். செட் வாங்கும்போது பலரும் விட்டுவிடுவது இதைத்தான், விலையோ சொற்பம். பிளேட் ஷாஃப்டின் பற்களில் தடையில்லாமல் வழுக்கி வர வேண்டும். துரு இருந்தால் துடைத்து, துளி கிரீஸ் மட்டும். அப்பினால் அது தெறித்துப் பிளேட்டில் போய் ஒட்டும். பிளேட்டில் எந்தப் பக்கம் ஃப்ளைவீலைப் பார்க்க வேண்டும் என்று அச்சிட்டிருக்கும், திருப்பி மாட்டினால் நடுக் குமிழ் ஃப்ளைவீல் போல்ட்டில் இடிக்கும். பாக்ஸை ஏற்றும்போது கீழே ஜாக்கி தாங்கிக்கொண்டே இருக்க வேண்டும், எல்லா போல்ட்டும் ஏறும் வரை. மெக்கானிக்குக்கு நீங்கள் பக்கத்தில் நிற்பது பிடிக்காது. டீ வாங்கிக் கொடுத்துவிட்டு நில்லுங்கள்.

பெரியவரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். சிரித்தார். "நான் கீழதான் பாக்கச் சொன்னேன். உம் பையன் மேல காட்டிட்டான்" என்றார். இந்தச் சுவர் விரிசலைப் பழைய ஜீப்புகளில் அவர் நிறையப் பார்த்திருக்கிறாராம், மறந்துவிட்டாராம். மறந்ததற்காக எனக்குக் கோபம் இல்லை. பதினோராயிரத்து ஐந்நூறில் பாதி என் ராடு வேலைக்கு, மீதி என் அவசரத்துக்கு.

அந்த வெள்ளைக் கோடு இன்னும் ராடில் இருக்கிறது, சேறு படிந்தால் துடைத்துத் திரும்பப் போடுவேன். மாதம் ஒரு முறை ஞாயிற்றுக்கிழமையில் அளந்து, கேபின் கதவின் உள்பக்கம் பென்சிலால் எழுதி வைக்கிறேன். 14, 14, 14, 14. போன மாதம் 13. டப்பாவில் ஆயில் விரற்கடை இறங்கியிருந்தது. ஸ்லேவ் கவரை விலக்கினால் உள்ளே ஈரம். ஸ்லேவ் கிட் வாங்கிப் போட்டு, காற்று எடுத்து, அளந்து எழுதினேன். மகன் இப்போது ஒன்பதாம் வகுப்பு. பெடலை அமுக்க ஐம்பது ரூபாய் கேட்கிறான்.